முதல் அங்கத்துச் சாடைகள்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கும் உன் அத்தானுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் நாடகம் வந்து சேர்ந்த நாளிலிருந்து தலை மட்டும் சுற்றுகிறது.

மூன்று அங்கத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். மூன்றாம் அங்கம் நன்றாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், திட்ட ஆரம்பித்தால் மறந்துபோகும். அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை படித்தேன். ஆனால் அவள் ஏனப்பா போகிறாள்? புருஷன் குடிக்கிறானா, கை நீட்டுகிறானா, வெளியில் ஏதாவது தொடர்பு வைத்திருக்கிறானா? ஒன்றும் இல்லை. நல்லவன், கொஞ்சம் மந்தம். அதற்காக ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா? முதல் அங்கத்தில் இதற்கு ஒரு சாடையாவது வைத்திருப்பாய் என்று இரண்டு தடவை தேடினேன். அங்கம் முழுக்க அவள் துணி மடிக்கிறாள். நடுவில் பக்கத்து வீட்டுக்கு ஒரு நடை போய்வருகிறாள். வந்து மறுபடியும் துணி மடிக்கிறாள்.

வழக்கம்போல அத்தானின் மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில்தான் ஒத்திகை. புருஷன் வேடம் நம் கணீருக்கு. பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்து செய்து, ‘தண்ணி கொடு’ என்பதைக்கூட எந்த நடைமேடையில் என்று சேர்த்துச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கும் ஆள். மனைவி வேடத்துக்கு நீதிமன்றத்தில் தட்டச்சு செய்கிற பெண். ஜூனில் அரங்கம் பிடித்தாகிவிட்டது. அதற்குள் முதல் அங்கத்தைச் சரிபண்ணி அனுப்பு.

உன் மனைவி எப்படி இருக்கிறாள்? உன் கடிதத்தின் அடியில் எப்போதும் இரண்டு வரி எழுதுவாள். இந்த முறை காணோம். கேட்டதாகச் சொல்.

அக்கா

*

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பதில் மகிழ்ச்சி. இங்கே அணையில் தண்ணீர் நிறைய, மின்நிலையத்தில் வேலையும் நிறைய.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் குடியிருப்பைச் சுற்றி நடந்தேன், கோபம் இறங்கட்டும் என்று. இறங்கவில்லை. சாடை இல்லையாம்! முதல் அங்கம் பூராவும் சாடைதான் அக்கா, வேறு ஒன்றுமே இல்லை.

அவள் துணி மடிக்கிறாள், சரி. எப்படி மடிக்கிறாள்? அவனுடைய துணி ஒரு அடுக்கு, தன்னுடையது தனி அடுக்கு. இருவர் குடித்தனம் பண்ணும் வீட்டில் யார் அப்படிப் பிரித்து வைக்கிறார்கள்? பக்கத்து வீட்டுக்கு எதற்குப் போகிறாள்? இரவல் வாங்கிய இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க. அவசரம் ஏதும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. திரும்பி வந்து அவனிடம் என்ன கேட்கிறாள்? “கரண்டு போனா மெழுகுவத்தி எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?” அவனுக்குத் தெரியவில்லை. காட்டிக்கொடுக்கிறாள். அவன் சிரிக்கிறான்.

இதற்கு மேல் என்ன வேண்டும் உனக்கு? முதல் அங்கத்தில் சாடை சாடையாகத் தெரியக்கூடாது அக்கா, வீட்டு வேலையாகத் தெரிய வேண்டும். சபை அதைப் பார்த்துவிட்டு மறந்துவிட வேண்டும். மூன்றாம் அங்கத்தில் அவள் படியிறங்கும்போதுதான் அந்த இரண்டு அடுக்கும் ஒவ்வொருவர் கண்ணிலும் வந்து நிற்க வேண்டும். ‘அடப்பாவி, முன்னாடியே இருந்ததே, நான் பார்க்கலையே!’ என்று தன்னையே திட்டிக்கொள்ள வேண்டும். முதலிலேயே புரிந்துவிட்டால் நாடகம் அங்கேயே முடிந்தது. கடைசி வரை புரியாவிட்டால் அவள் போவது வானத்திலிருந்து கல் விழுந்த மாதிரி இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் அளவுதான் இடம். அதில்தான் நான் நடந்திருக்கிறேன்.

ஒரு வரிகூட மாற்ற மாட்டேன். கணீரைக் குரலைக் குறைக்கச் சொல்.

அவள் நலம்.

தம்பி

*

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டேன். மூன்று பக்கம் திட்டி எழுத முடிகிறவனுக்கு உடம்புக்கு என்ன கேடு! எனக்குத்தான் இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னார். நாடகத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் பலன் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் அங்கத்தை எல்லோரும் உட்கார்ந்து வாசித்தோம். முடிந்ததும், “சாடை ஏதாவது கண்ணுல பட்டுதா?” என்று கேட்டேன். ஒருத்தருக்கும் படவில்லை. தட்டச்சுக்காரப் பெண் பாவம், தன் பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கு வசனம் எங்கக்கா? முதல் அங்கம் முழுக்க நான் என்ன சலவைக் கடையா நடத்துறேன்?” என்றாள். நீ எழுதியதை அப்படியே ஒப்பித்தேன். இரண்டு அடுக்கு, இஸ்திரிப் பெட்டி, மெழுகுவத்தி. அப்புறம்தான் ஆரம்பித்தது கூத்து.

கணீர் எழுந்து நின்றார். “அம்மா, சபைக்கு இதெல்லாம் எட்டாது. பின் வரிசைக்காரனுக்குத் துணி அடுக்கா தெரியும்? இடி ஒண்ணு போடுங்க. அவ மெழுகுவத்தின்னு சொல்லும்போது விளக்கு படபடன்னு அணையட்டும். நானும் அங்கங்க ரெண்டு இருமல் இருமுறேன்.”

“நீங்க ஏன் இருமணும்? நீங்க சாகப் போறதில்லையே,” என்றேன்.

“யாரோ போகப் போறாங்கன்னு சபைக்குத் தெரிஞ்சா போதும்மா. யாருன்னு அப்புறம் பாத்துக்கலாம்,” என்கிறார்.

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் அவர் சொல்வதில் அரைப்பங்கு நியாயம் இருக்கிறது. கொஞ்சம் தூக்கிக் காட்டுடா. ஒரு வரி, ஒரே ஒரு பெருமூச்சு, எதையாவது கொடு.

உன் மனைவிக்குக் கம்பளிச் சால்வை ஒன்று அனுப்பியிருக்கிறேன். உங்கள் மலைக்குளிருக்கு ஆகும். நிறம் பிடித்திருக்கிறதா என்று அவளையே எழுதச் சொல்.

அக்கா

*

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரத்த அழுத்தம் குறையட்டும். என்னுடையது கணீரால் ஏறிவிட்டது.

இருமலா? இருமலா அக்கா? நான் மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியது ஒருத்தர் மேடையில் நின்று இருமுவதற்கா? இடி போட்டால் இந்தக் கையெழுத்துப் படியைத் திருப்பி அனுப்பிவிடு. தபால் செலவை நானே கொடுக்கிறேன்.

நீ கேட்ட பெருமூச்சும் கிடையாது. அவள் பெருமூச்சு விட்டால் அவன் திரும்பிப் பார்ப்பான். “என்ன?” என்று கேட்பான். கேட்டுவிட்டால் அவன்மேல் சபைக்குப் பரிதாபம் வராது. அவன் ஒன்றும் தெரியாதவனாக இருந்தே தீர வேண்டும். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாடகத்தின் முதுகெலும்பே அதுதான். தட்டச்சுக்காரப் பெண்ணிடம் சொல்: வசனம் இல்லாமல் நிற்பதுதான் பெரிய வேடம்.

உன் விளக்குக்காரனையும் கொஞ்சம் கவனி. போன நாடகத்தில் வில்லன் வரும்போதெல்லாம் பச்சை வெளிச்சம் போட்ட ஆள் அவன்.

பகல் சாப்பாடு, இரவு சாப்பாடு எல்லாம் நிலையத்து உணவகத்திலேயே முடித்துக்கொள்கிறேன், முறை மாறி மாறி வேலை வருவதால் அதுதான் வசதி. சால்வை வந்து சேர்ந்தது. அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. நல்ல நிறம்.

தம்பி

*

மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். நாடகம் நலமில்லை, ஆனால் பிழைத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

நீ சொன்னது சரி. விளக்குக்காரன் துணி அடுக்கின்மேல் சிவப்பு வெளிச்சம் அடித்தான். ஏதோ துணிக்கடை விளம்பரம் மாதிரி இருந்தது. ஏணியை விட்டு இறங்கச் சொன்னேன். இடி கிடையாது என்று கணீரிடமும் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒத்திகை முழுக்கச் சுவரிலிருந்த கண் பரிசோதனை அட்டையைப் பார்த்தே வசனம் பேசினார்.

ஆனால் ஒன்று நடந்தது. தட்டச்சுக்காரப் பெண்ணுக்கு அன்று அலுவலகத்தில் ஏதோ எரிச்சல். யாரையும் பார்க்காமல், எதையும் காட்டாமல், சும்மா மளமளவென்று துணியை மடித்து வைத்தாள். அப்போதுதான் அந்த இரண்டு அடுக்கும் எனக்குத் தெரிந்தது. நீ கெட்டிக்காரன்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனை. இரண்டு அடுக்கு, இஸ்திரிப் பெட்டி, மெழுகுவத்தி. இதெல்லாம் உனக்கு எப்படித் தோன்றியது? உன்னோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். உன் சட்டை எங்கே காய்கிறது என்றுகூடத் தெரியாத ஆள் நீ. வீட்டில் பெண்கள் எதை எங்கே வைக்கிறார்கள் என்று நீ எப்போதிலிருந்து பார்க்க ஆரம்பித்தாய்?

குளிருக்கென்று அனுப்பிய சால்வை குளிர்காலத்தில் ஏன் அலமாரியில் இருக்கிறது? மனைவி இருக்கும்போது இரண்டு வேளையும் ஏன் உணவகத்தில் சாப்பிடுகிறாய்? நான்கு மாதமாக அவள் கையெழுத்தையே பார்க்கவில்லை. தம்பி, நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அவள் அங்கே இருக்கிறாளா இல்லையா?

அக்கா

*

ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதம், மன்னிக்கவும். மின்நிலையத்துச் சுழலி ஒன்று பழுதாகிவிட்டது.

இரண்டாம் அங்கத்தில் நாற்காலி இடது பக்கம் இருக்கட்டும். கடிதம் படிக்கும் காட்சியில் கணீர் உட்காரக்கூடாது. இடைவேளை முதல் அங்கம் முடிந்ததும் விடாதே, இரண்டாவதுக்குப் பிறகு விடு. மூன்றாம் அங்கத்தில் அவள் கொண்டுபோகும் பெட்டி பெரிதாக இருக்க வேண்டாம், கையில் தூக்கும் அளவு போதும்.

ஜூன் அரங்கேற்றத்துக்கு வர முடியாது. விடுப்பு கிடைக்காது.

நீ கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

தம்பி

*

ஜூன் 17

தம்பிக்கு,

நான் நலமாக இல்லை. கோபத்தில் இருக்கிறேன். அதையும் ஒரு வியாதியாகக் கணக்கில் வைத்துக்கொள்.

முதலில் நாடகம். அரங்கம் முக்கால்வாசி நிறைந்தது. கணீர் கடைசியில் இருமிவிட்டார். ஒரே ஒரு தடவை. கேட்டால் தொண்டையில் தூசி என்கிறார். மற்றபடி நீ கேட்டது அப்படியே நடந்தது. முதல் அங்கத்தில் துணி மடிப்பதை யாரும் சட்டை செய்யவில்லை. மூன்றாம் அங்கத்தில் அந்தப் பெண் போனபிறகு, மேசைமேல் ஒரே ஒரு அடுக்குத் துணி மட்டும் மிச்சமிருந்ததைப் பார்த்துச் சபை விசும்பியது. உனக்கு வெற்றி. எடுத்துக்கொள்.

இனி மற்றது. சொந்தபந்தம் எல்லோருக்கும் அழைப்பு அட்டை அனுப்பினேன். உன் மைத்துனர் வீட்டுக்கும் ஒன்று. முறை அது. அரங்கேற்றத்தன்று பார்த்தால் கடைசி வரிசையில் உன் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் நீ இல்லை. திரை விழுந்ததும் ஒப்பனை அறைக்கு வந்தாள். கணீர் முகத்துச் சாயத்தோடு ஓடிவந்து, “எப்படிம்மா இருந்துச்சு?” என்றார். “இருமல் நல்லா இருந்துச்சுங்க,” என்றாள். அந்த மனுஷன் அதை நிஜம் என்று நம்பிப் பூரித்துப்போனார்.

அவளைத் தனியாகப் படிக்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். “அவன் எங்கம்மா?”

“உங்களுக்குத் தெரியாதா அண்ணி? நான் எங்க அண்ணன் வீட்டுக்கு வந்து எட்டு மாசமாச்சு.”

எட்டு மாதம். நீ ‘அவள் நலம்’ என்று எழுதிக்கொண்டிருந்த நாள் பூராவும். அசட்டுத்தனமாக ஒன்று சொன்னேன்: “பாவம், அவனுக்குத் தெரியாமப் போச்சும்மா. இப்ப ஒவ்வொண்ணா நினைச்சுப் பாத்து எழுதியிருக்கான். துணி, மெழுகுவத்தி...”

அவள் சிரித்தாள். தம்பி, அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

“நான் துணியைப் பிரிச்சு மடிக்கவே இல்ல அண்ணி. மெழுகுவத்தி எங்க இருக்குன்னு அவருக்கு நான் எதுக்குக் காட்டணும்? இஸ்திரிப் பெட்டி திருப்பிக் குடுத்தது நிஜம். அவங்க கேட்டாங்க, குடுத்தேன். நான் சாடையெல்லாம் காட்டல. வாயைத் திறந்து சொன்னேன்.”

“என்னன்னு?”

“எனக்கு இங்க முடியலன்னு சொன்னேன். கட்டட வரைபடம் போடுற கை, சும்மா உக்காந்து ஜன்னல் வழியா அணையப் பாத்துட்டிருக்கு, மறுபடியும் வேலைக்குப் போகணும், டவுன் பக்கம் மாத்தல் கேளுங்கன்னு சொன்னேன். சாப்பிடும்போது ஒரு தடவை. ‘ம், பாக்கலாம்’னாரு. அவர் எழுதிட்டிருக்கும்போது ஒரு தடவை. பேனாவைக் கீழ வைக்காமயே, ‘இந்தக் காட்சி முடியட்டும்’னாரு. அப்புறம் கடைசியா, இப்படியே போனா நான் கிளம்பிடுவேன்னு நேராவே சொன்னேன். அன்னிக்கும் ‘ம்’தான்.”

அவளே தொடர்ந்தாள்.

“மேடையில அந்தப் பொண்ணு வாயே திறக்கல அண்ணி. அதனால அந்த ஆளுக்குத் தெரியாமப் போனது நியாயம்னு ஆயிடுது. எனக்குப் பக்கத்துல ஒரு அம்மா, ‘பாவம், அந்த மனுஷனுக்கு என்ன தெரியும்’னு மூக்கைத் துடைச்சுக்கிட்டாங்க. நான் போனதை மேடையேத்தினதுகூட எனக்குப் பெருசில்ல. நான் சொன்னதை எடுத்துட்டு, என் கையில துணியைக் குடுத்துட்டாரே, அதைத்தான் பொறுத்துக்க முடியல.”

கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். அவள் இப்போது வேலையில் இருக்கிறாளாம், வரைபட அலுவலகத்தில்.

ஜனவரியில் நான் உனக்கு எழுதினேன், அதற்காக ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா என்று. அவளைப் பார்த்தபிறகு அந்தக் கேள்வியை நினைத்தாலே கூசுகிறது.

அக்கா

*

ஜூன் 29

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என்னைக் கேட்காமல் அட்டை அனுப்பியிருக்கிறாய். ஒப்பனை அறையில் பஞ்சாயத்தும் நடத்தியிருக்கிறாய். ரொம்ப நன்றி.

நாடகம் நீதிமன்றச் சாட்சியம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுத நான் என்ன குமாஸ்தாவா? ஒரு கணவன், ஒரு மனைவி என்று எழுதினேன். அது நானும் அவளும் என்று யார் சொன்னது?

அவள் சொன்னாள்தான். இந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டுப் பெண்களும் சொல்வதுதான் அது. குளிர், தனிமை, கடைகண்ணி இல்லை, பேச ஆள் இல்லை. வானிலை அறிக்கை மாதிரி தினமும் கேட்பது. அதில் எது நிஜம், எது பேச்சுக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு முறை அழுதிருந்தால் தெரிந்திருக்கும். சாதாரணக் குரலில் சொன்னாள் அக்கா. சாதாரணக் குரலில்.

செப்டம்பரில் மறுபடியும் மேடையேற்றுவதாக அத்தான் எழுதியிருந்தார். ஜூனில் இருந்தது போலவே இருக்கட்டும்.

தம்பி

*

ஜூலை 7

தம்பிக்கு,

செப்டம்பரில் இந்த நாடகம் இல்லை. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டச்சுக்காரப் பெண் மறுத்துவிட்டாள். நாங்கள் படிக்கட்டில் பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. “அவங்க பேசினதைக் கேட்டதுக்கப்புறம் வாயை மூடிக்கிட்டுத் துணி மடிக்க என்னால ஆகாதுக்கா. வேற ஆளைப் பாத்துக்கோங்க,” என்கிறாள். வேறு ஆள் தேட எனக்கும் மனம் இல்லை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ‘சாதாரணக் குரலில்’ என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். நீயும் அதை இன்னொரு தடவை படித்துப் பார். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரத்த அழுத்தம் இப்போது எப்படி இருக்கிறது? கேட்க மறந்தே போயிருந்தேன்.

முதல் அங்கத்தைப் புதிதாக எழுதி அனுப்பியிருக்கிறேன். துணி இல்லை. இஸ்திரிப் பெட்டி இல்லை. மெழுகுவத்தி இல்லை. திரை தூக்கியதும் வரும் இடத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

(மாலை. அவன் மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறான். அவள் வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள்.)

அவள்: எனக்கு இங்க முடியலங்க.

அவன்: ம்.

அவள்: வேலைக்குப் போகணும். மாத்தல் கேளுங்க.

அவன்: பாக்கலாம்.

அவள்: இப்படியே இருந்தா நான் போயிடுவேன்.

அவன்: (எழுதியபடியே) போயிட்டு வாயேன். ஒரு வாரம் இருந்துட்டு வா.

அந்தக் கடைசி வரி கற்பனை இல்லை. அவள் உன்னிடம் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறாள்.

முதல் நிமிஷத்திலேயே முடிவைச் சொல்லிவிட்டால் பிறகு நாடகத்தில் என்ன இருக்கும் என்று ஒரு மாதம் பேனாவைத் தொடாமல் இருந்தேன். எழுதிப் பார்த்தபிறகு புரிந்தது. சபை கேட்டுவிடும், அவன் கேட்க மாட்டான். அதற்குப் பிறகு அவன் அவளிடம் கண்ணாடி கேட்டாலும், கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாலும், சபைக்கு அவள் சொன்னதுதான் ஞாபகம் வரும். மூடி வைத்தால்தான் சாடை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தட்டச்சுக்காரப் பெண்ணுக்குக் காட்டு. சாதாரணக் குரலில் சொல்லச் சொல். அழ வேண்டாம்.

தம்பி

*

செப்டம்பர் 23

அன்புள்ள தம்பிக்கு,

இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. மருத்துவர் உப்புதான் காரணம் என்கிறார். இருக்கட்டும், அவர் மனதை நோகடிப்பானேன்.

பக்கங்களைத் தட்டச்சுக்காரப் பெண்ணிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். “இதைப் பண்றேன்கா,” என்றாள், அவ்வளவுதான். கணீர்தான் அழிச்சாட்டியம் பண்ணினார். “என்னம்மா இது, ஆரம்பமே ‘ம்’முன்னா நான் என் குரலை எங்க கொண்டுபோய் வெக்கறது?” என்று. வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன்.

சனிக்கிழமை மேடையேறியது. முதல் ‘ம்’முக்குச் சபை சிரித்தது. தங்கள் வீட்டு ஆளை நினைத்துச் சிரிக்கிற சிரிப்பு. ‘பாக்கலாம்’ என்றதுக்கு ஆண்கள் மட்டும் சிரித்தார்கள். ‘ஒரு வாரம் இருந்துட்டு வா’ என்றதும் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை தம்பி. அவன் எழுதுகிறான், அவள் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். அவ்வளவுக்கே அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் காட்சியில் அவள் வாசலில் வந்து நிற்கும்போது நாலாவது வரிசையிலிருந்து ஒரு ஆள் தாங்க முடியாமல் கத்திவிட்டார்: “யோவ், திரும்பிப் பாருய்யா!”

கணீருக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. திரைக்குப் பின்னால் நான் செத்துப் பிழைத்தேன். அப்புறம் எப்படியோ குனிந்து எழுத ஆரம்பித்தார். முடிந்தபிறகு என்னிடம் வந்து, அவருடைய நிஜக் குரலில், இத்தனை வருஷத்தில் நான் கேட்டே இராத குரலில், “இன்னும் ஒரு தடவை கத்தியிருந்தா நான் திரும்பியிருப்பேம்மா,” என்றார்.

உன் மனைவிக்கு இந்த முறை நான் அட்டை அனுப்பவில்லை. அது என் வேலை இல்லை. அவள் அலுவலக விலாசத்தை அடியில் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன், பேசினால் மறுபடி சண்டை வரும்.

அக்கா

*

அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானையும் உன்னையும் விசாரித்து எழுதுகிறேன். எனக்கு இலேசாக ஜலதோஷம். பேருந்தில் ஜன்னல் மூடவில்லை.

போன வாரம் அவள் அலுவலகத்துக்குப் போனேன். கீழே ஒரு நீள பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாய்வு மேசையில் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் வந்திருப்பதாகப் போய்ச் சொன்னார்கள். தலையை நிமிர்த்திப் பார்த்தாள், பிறகு அந்தக் கோட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். நானாக இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். எனக்கே ஆச்சரியம், கோபம் வரவில்லை.

நாடகத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று போயிருந்தேன். புது முதல் அங்கத்தின் பிரதி ஒன்று பையில் இருந்தது. அதை வெளியில் எடுக்கவே இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு பூங்கா இருக்கிறது, அங்கே போய் உட்கார்ந்தோம். அவள் பேசினாள். ரொம்ப நேரம் பேசினாள். கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலிருந்து.

மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். “அது உங்க இஷ்டம். எனக்காகக் கேட்டதா இருந்தா ரொம்ப லேட்டு. உங்களுக்காகக் கேட்டிருந்தா நல்லது,” என்றாள். சேர்ந்து இருப்பதைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்றாள். அடுத்த மாதம் ஒரு நாள் வரலாம் என்றாள். போவேன்.

அவள் சொன்ன மற்றதெல்லாம் என்ன என்று நீ கேட்பாய். துளைத்துத் துளைத்துக் கேட்பாய், தெரியும். எழுத மாட்டேன் அக்கா. உனக்கும் எழுத மாட்டேன், நாடகத்திலும் எழுத மாட்டேன். அது அவளுடையது.

பாதியில் பேச்சை நிறுத்தி, “கேக்குறீங்களா?” என்று ஒரு தடவை கேட்டாள்.

கேட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பி